மனுக்கா போத்தலில் இருக்கும் எண் எதை அளக்கிறது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் ஒரு காலத்தில் மனுக்கா தேன் என்றால் யாருக்கும் தெரியாது. இன்று மருந்தகத்துக்குள் நுழைந்தால் பால்மாவு டின்களுக்கும் விட்டமின் போத்தல்களுக்கும் மேலே, கைக்கு எட்டாத தட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் போத்தல், விலையோ நூறு வெள்ளிக்கு மேல். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஓர் எண்: 5+, 10+, 15+. சிலவற்றில் 83, 263, 514 என்று இருக்கும். எண் ஏற ஏற விலையும் ஏறும். கோலாலம்பூரில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது அப்பா அம்மாவுக்கு ஒரு போத்தல் வாங்கி வருவது சகஜமாகிவிட்டது. அப்புறம்தான் இதை எதற்குச் சாப்பிடுவது என்ற பேச்சு எழும். இருமலுக்கா, வயிற்றுப் புண்ணுக்கா, இனிப்பு நீர் எனும் நீரிழிவுக்கா, காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கா? குடும்பப் புலனக் குழுவில் கேட்டால் எல்லாவற்றுக்கும் நல்லது என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்.

அந்த எண் அளப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான். அந்த விஷயம் தோலின் மேல், புண்ணின் மேல் வேலை செய்வது. நாம் வாங்குவதோ பெரும்பாலும் கரண்டியில் ஊற்றிக் குடிக்க. மனுக்காவைச் சுற்றியுள்ள குழப்பத்தில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

முதலில் தேன் ஏன் கெடுவதில்லை என்று பார்ப்போம். தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. நீர் 20 சதவீதத்துக்கும் குறைவு. உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதைப் போல, தேனில் விழுந்த கிருமியின் உடம்பிலிருந்தும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. தேனுக்கு நல்ல புளிப்புத் தன்மையும் உண்டு. இனிப்பில் அது நாக்குக்குத் தெரிவதில்லை, கிருமிக்குத் தெரியும். இதற்கு மேல் தேனீ தன் பங்குக்கு ஒரு நொதியைச் சேர்க்கிறது. தேனில் கொஞ்சம் நீர் கலந்ததும் அந்த நொதி குளுக்கோசிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். கிளினிக்கில் மிஸ்ஸி புண்ணைக் கழுவும்போது நுரைத்துப் பொங்குமே, அதே பொருள்தான், ஆனால் மிகக் குறைந்த அளவில்.

எந்தப் பூவின் தேனானாலும் இவ்வளவும் இருக்கும். ஆனால் இந்தப் பெராக்சைடுக்குப் பலவீனங்கள் உண்டு. தேனைக் காய்ச்சினால் நொதி செத்துவிடும். புண்ணில் ஊறும் இரத்தத்திலும் நிணநீரிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது; அது பெராக்சைடை உடனுக்குடன் உடைத்துவிடும். அதனால் சாதாரணத் தேனின் கிருமி கொல்லும் சக்தி எங்கே தேவையோ அங்கேயே பாதி காலியாகிவிடுகிறது.

மனுக்கா வேறுபடுவது இங்கே. நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலும் முளைக்கும் ஒரு புதர்மரம் அது. தாவரவியலார் லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபேரியம் என்பார்கள். கொய்யா, ஜம்பு, நாவல், கிராம்பு எல்லாம் சேர்ந்த குடும்பம்தான் அதற்கும். மாவோரி மக்கள் அதன் இலையையும் பட்டையையும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். கேப்டன் குக்கின் மாலுமிகள் இலையைக் கொதிக்க வைத்துத் தேநீராகக் குடித்தார்கள். தேன் மட்டும் அந்தப் பழைய மருத்துவத்தில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. நமக்குத் தெரிந்த தேனீ நியூசிலாந்தில் கால் வைத்ததே 1839-ல்தான். மேரி பம்பி என்ற ஆங்கிலேயப் பெண் இரண்டு கூடுகளைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார். ஆகவே ‘ஆயிரம் ஆண்டுப் பழங்குடி ரகசியம்’ என்று விளம்பரம் வந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

கருத்த நிறம், கொஞ்சம் கசப்பு, கூழ் மாதிரி கெட்டி: மனுக்கா தேன் இப்படித்தான் இருக்கும். கலக்கினால் இளகும், விட்டால் மறுபடி இறுகும். அடையைச் சுழற்றித் தேனைப் பிரித்தெடுக்கும் எந்திரத்தில் இது லேசில் இறங்காது, முதலில் குத்திக் கலக்கிவிட வேண்டும். இந்தத் தேனுக்கு மவுசு வந்தது வைக்காடோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் 1980-களில் செய்த சோதனைகளுக்குப் பிறகு. தேன்களில் கேட்டலேஸைக் கலந்து பெராக்சைடை முழுவதும் அழித்துவிட்டுப் பார்த்தார். மற்ற தேன்கள் படுத்துவிட்டன. மனுக்கா மட்டும் கிருமியைக் கொன்றுகொண்டே இருந்தது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. 2006-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹென்லே குழு அதைப் பிடித்தது. மெத்தில்கிளையாக்சால் என்ற சிறிய மூலக்கூறு. சுருக்கமாக எம்ஜிஓ.

இந்த எம்ஜிஓ பூவிலேயே இருப்பதில்லை. மனுக்கா பூவின் மதுவில் டைஹைட்ராக்சிஅசிட்டோன் என்ற வேறொரு பொருள் நிறைய இருக்கிறது. தேன் முதிர்ந்து, போத்தலில் கிடக்கும் மாதங்களில் அது மெல்ல மெல்ல எம்ஜிஓ-வாக மாறுகிறது. அதனால் புதுத் தேனைவிடச் சற்றுப் பழைய மனுக்கா வீரியமாக இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அதுவும் இறங்கும். சூடு காட்டி இந்த மாற்றத்தை வேகப்படுத்த நினைப்பவர்களும் உண்டு. ஆனால் சூடு காட்டினால் எச்எம்எஃப் என்ற இன்னொரு பொருள் எகிறிவிடும், சோதனையில் மாட்டிக்கொள்வார்கள்.

சரி, எண்ணுக்கு வருவோம். ‘எம்ஜிஓ 263’ என்றால் ஒரு கிலோ தேனில் 263 மில்லிகிராம் எம்ஜிஓ. சாதாரணத் தேனில் இது சில மில்லிகிராம்தான் தேறும். யுஎம்எஃப் என்பது நியூசிலாந்துத் தேன் துறையின் சங்கம் தரும் முத்திரை. அதன் 5+ என்பது எம்ஜிஓ 83-க்குச் சமம். 10+ என்றால் 263. 15+ என்றால் 514. 20+ என்றால் 829. கவனியுங்கள், எண் இரட்டிப்பாகும்போது எம்ஜிஓ மும்மடங்காகிறது. காரணம், யுஎம்எஃப் கணக்கு முதலில் ஃபீனால் என்ற கிருமிநாசினியோடு ஒப்பிட்டு வந்தது. 10 என்றால் அந்தத் தேனின் கிருமி கொல்லும் சக்தி 10 சதவீத ஃபீனால் கரைசலுக்குச் சமம். அதாவது இந்த எண்களின் பிறப்பிடமே கிருமி வளர்த்த ஆய்வுக்கூடத் தட்டு. மனித வயிறு அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

சில போத்தல்களில் ‘ஆக்டிவ் 15+’ என்று மட்டும் போட்டிருக்கும். பார்க்க யுஎம்எஃப் 15+ மாதிரியே இருக்கும், ஆனால் அதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்றும் கிடையாது. எந்தத் தேனுக்கும் உள்ள பெராக்சைடையும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். கே ஃபேக்டர் என்ற எண் முக்கியமாக மகரந்தத்தைப் பார்ப்பது, அதை எம்ஜிஓ-வோடு ஒப்பிடவே கூடாது. நியூசிலாந்து அரசு 2018-ல் ஏற்றுமதிக்காக ஒரு வரையறையைக் கொண்டுவந்தது: நான்கு வேதிப்பொருள்கள், ஒரு மரபணுச் சோதனை. இந்த ஐந்திலும் தேறினால்தான் மனுக்கா என்று பெயர் போடலாம். ஆனால் அந்த ஐந்தில் எம்ஜிஓ இல்லை. அரசுச் சோதனை இது மனுக்காவா என்பதைச் சொல்லும். எவ்வளவு வீரியம் என்பதைச் சொல்லாது.

புண்ணுக்கு இது உண்மையிலேயே வேலை செய்கிறதா? ஆய்வுக்கூடத்தில் சந்தேகமே இல்லை. மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளைக்கூட மனுக்கா அடக்குகிறது. மனுக்கா ஊறிய கட்டுத்துணிகளை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-ல் அனுமதித்தது. ஆள்மேல் வைத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் கலவையாக இருக்கின்றன. தேன் வைத்துக் கட்டிய புண்களைப் பற்றிய 26 சோதனைகளை, மொத்தம் 3,011 நோயாளிகளை, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் கோக்ரேன் அமைப்பு 2015-ல் அலசியது. எல்லா வகைத் தேன்களும் அதில் அடக்கம். மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடச் சில நாட்கள் முன்னதாகவே ஆறின. அறுவை சிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்த புண்களிலும் பலன் தெரிந்தது. ஆனால் இரத்த நாளம் புடைத்துச் சுருண்டு காலில் வரும் நாட்பட்ட புண்களில் பலன் இல்லை. நியூசிலாந்திலேயே, மனுக்காவின் சொந்த வீட்டிலேயே, 368 பேரிடம் நடந்து 2008-ல் வெளிவந்த சோதனை இதைத்தான் காட்டியது: மனுக்கா கட்டு புண்ணை வேகமாக ஆற்றவில்லை, வலி போன்ற தொந்தரவுகள்தான் கூடுதலாக வந்தன. இனிப்பு நீர்க்காரர்களின் கால் புண்ணைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

அந்தக் கடைசி வரி நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 சதவீதம். ஏறக்குறைய மூவரில் ஒருவர். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டையின் முள் காலில் ஏறுவது புதிதல்ல. ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்க வியர்வையில் ஊறிய பாதம். இனிப்பு நீரால் நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தியது தெரியாது, மறுநாள் சாக்ஸில் கறை பார்த்த பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் மேல்தட்டில் இருக்கும் நூற்றைம்பது வெள்ளிப் போத்தலின் ஞாபகம் வரும். புண்ணில் இரண்டு சொட்டு விடலாமே என்று தோன்றும்.

வேண்டாம். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் தேன் வேறு, சாப்பாட்டுத் தேன் வேறு. மருத்துவத் தேனைக் காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கியிருப்பார்கள். சூடு காட்டினால் நொதி போய்விடும் என்பதால்தான் கதிர். சாப்பாட்டுத் தேனில் குளோஸ்டிரிடியம் என்ற கிருமியின் வித்துகள் உறங்கிக் கிடக்கலாம். அவை ஆழமான, காற்றுப் புகாத புண்ணுக்குள் போவது நல்லதல்ல. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எம்ஜிஓ என்ற இதே மூலக்கூறு இனிப்பு நீர்க்காரர்களின் உடம்பில் ஏற்கெனவே அளவுக்கு மேல் உண்டாகிறது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டு இரத்தக் குழாய்களையும் நரம்பையும் கெடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. அப்படிப்பட்ட கால் புண்ணில் வெளியிலிருந்து இன்னும் எம்ஜிஓ-வை ஊற்றுவது சரியா என்று ஆய்வாளர்களே கேட்டிருக்கிறார்கள். கால் புண்ணுக்கு அரசாங்கக் கிளினிக்தான். அங்கே மருத்துவர் பார்த்துத் தேன் கட்டுப் போடலாம் என்றால் போடட்டும்.

இனி, கரண்டியில் குடிக்கும் கதை. எம்ஜிஓ 500 என்றாலும் 800 என்றாலும், குடலில் அது பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. இரத்தத்தில் ஏறி நெஞ்சுச் சளிக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ போய்ச் சண்டை போடும் என்று எதிர்பார்க்க முடியாது. அல்சருக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபேக்டர் கிருமியை மனுக்கா ஆய்வுக்கூடத் தட்டில் அடக்குவது உண்மை. குடித்தவர்களின் வயிற்றில் அதை ஒழித்ததாக நிரூபணம் இல்லை. அல்சருக்கு மருத்துவர் தரும் மாத்திரைகளை நிறுத்திவிட்டுத் தேனை நம்புவது பெரிய தவறு.

இருமலுக்குத் தேன் நல்லதுதான், பாட்டி சொன்னது சரி. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2018-ல் சாதாரண இருமலுக்கு ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னால் தேனைப் பரிந்துரைத்தது. ஆனால் அது சொன்னது தேன் என்றுதான், மனுக்கா என்று அல்ல. தொண்டையில் பூசினாற்போல் படிந்து எரிச்சலைத் தணிப்பதில் இருபது வெள்ளித் தேனுக்கும் இருநூறு வெள்ளித் தேனுக்கும் வித்தியாசம் காட்டிய ஆதாரம் கிடையாது. இஞ்சிச் சாறு, துளசி, திப்பிலிப் பொடி எதோடு கலந்தாலும் கதை அதுதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் கூடாது. பெயர் வைக்கும் நாளில் நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது. மேலே சொன்ன வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். விலை உயர்ந்த தேன், கிருமி கொல்லும் தேன் என்பதால் இந்த ஆபத்து குறையாது.

மருந்தகத்தில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் ஒன்று:

“தங்கச்சி, இது இனிப்பு நீர் உள்ளவங்க சாப்பிடலாமா?”

“இதுவும் சீனிதான் ஆன்ட்டி. கணக்கு வச்சுச் சாப்பிடணும்.”

கல்லாவில் நிற்கும் அந்தப் பெண் சொல்வதுதான் சரி. ஒரு மேசைக் கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. மனுக்கா என்பதால் அது குறைவதில்லை. வெள்ளைச் சீனியைவிடச் சற்று மெதுவாக இரத்தத்தில் ஏறலாம், ஆனால் ஏறாமல் இருக்காது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடித்துவிட்டுத் தேத்தண்ணீரில் சீனி போடாமல் இருப்பதால் கணக்கு நேராகிவிடாது. மலேசியாவில் 1956-ம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதையே தடை செய்திருக்கிறது. தேன் விற்கிறவர் யாரேனும் அப்படி எழுதிக் காட்டினால், அவர் மற்ற விஷயத்தில் சொல்வதையும் எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

போலி மனுக்கா உலகம் முழுவதும் உள்ள தலைவலி. நியூசிலாந்தில் ஆண்டுக்குச் சுமார் 1,700 டன்தான் உற்பத்தி, ஆனால் உலகச் சந்தையில் 10,000 டன் அந்தப் பெயரில் விற்கிறது என்று அந்நாட்டுத் தேன் துறையினரே பத்தாண்டுக்கு முன் புலம்பினார்கள். பூ பூப்பது வருடத்தில் சில வாரம்தான், அதில் மழை பெய்தால் அறுவடை போச்சு. பக்கத்திலேயே கானுக்கா என்ற மரமும் பூக்கும். இரண்டின் மகரந்தத்தையும் பிரித்தறிவது மிகக் கடினம். ஆஸ்திரேலியர்கள் தங்கள் லெப்டோஸ்பெர்மம் தேனையும் மனுக்கா என்றே விற்கிறார்கள். அந்தப் பெயரைத் தங்களுக்கே உரியதாக்க நியூசிலாந்துக்காரர்கள் போட்ட மனு 2021-ல் பிரிட்டனிலும், 2023-ல் அவர்கள் சொந்த நாட்டிலேயும் தள்ளுபடியானது. ஆஸ்திரேலியத் தேனிலும் எம்ஜிஓ நிறைய இருக்கலாம், ஆகவே அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. போத்தலில் எம்ஜிஓ அல்லது யுஎம்எஃப் எண், தயாரித்த நாடு, தொகுதி எண் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாமில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் ஏன் பாதி விலை என்று கேளுங்கள்.

நம் நாட்டுத் தேனைப் பற்றியும் பேசாமல் விடக்கூடாது. துவாலாங் மரம் மழைக்காட்டில் எண்பது மீட்டர் வரை வளரும். அதன் கிளைகளில் மலைத்தேனீ பெரிய பெரிய அடைகளாகக் கட்டும். அந்தத் தேனையும் மனுக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009-ல் சோதித்தார்கள். புண், குடல் கிருமிகள் பலவற்றுக்கு எதிராக இரண்டின் வீரியமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. ஆய்வுக்கூடத் தட்டில்தான், ஆனால் மனுக்காவின் புகழும் அங்கே தொடங்கியதுதானே.

தோட்டத்து ஆட்களுக்கு நெருக்கமானது ரப்பர் தேன். பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது, செம்பு நிறத்துத் துளிரைத் திருப்பிப் பார்த்தால் மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் பொட்டுப் பொட்டாக ஈரம் மின்னும். பூவில் சுரக்கும் மது அல்ல, இலைக்காம்பில் சுரப்பது. தேனீக்கள் அதைத்தான் மொய்க்கும். தமிழ்நாட்டில் மார்த்தாண்டம் பகுதித் தேன் பெருமளவு ரப்பர்த் தோட்டங்களிலிருந்துதான் வருகிறது. வெளிறிய நிறம், சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்ததைப் பார்த்துச் சீனி கலந்தது என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு, அது பாவம். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில் இந்தத் தேன் கிடையாது. செம்பனையில் தேனீக்கு மகரந்தம் கிடைக்கும், மது கிடைக்காது. அந்த மரத்தின் மகரந்தச் சேர்க்கையையே 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்ன வண்டுதான் செய்கிறது.

இப்போது வீட்டுக் கொல்லையில் மரக்கட்டையை நிறுத்தி, மேலே பெட்டி வைத்துக் கெலுலுட் வளர்ப்பது பரவிவிட்டது. கொட்டாத தேனீ, கொசுவைவிடக் கொஞ்சம் பெரிது. அடை கட்டாது, பிசினால் சின்னச் சின்னக் குடங்கள் செய்து அதில் தேனைச் சேர்க்கும், உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் மலேசியாவின் கெலுலுட்டையும் சேர்த்து ஆராய்ந்து, இதில் டிரேஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைய இருப்பதை 2020-ல் கண்டுபிடித்தார்கள். அது மற்ற சர்க்கரைகளைவிட மெதுவாக இரத்தத்தில் சேருவது. அதற்காக இனிப்பு நீர்க்காரர்கள் டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. மற்ற சர்க்கரைகளும் கூடவே இருக்கின்றன. கெலுலுட் தேனில் நீர் மற்றத் தேனைவிட அதிகம், 30 சதவீதத்தைக்கூடத் தொடும். வெளியே வைத்தால் புளித்துப் பொங்கும், மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வரும். வாங்கியதும் ஐஸ்பெட்டியில் வையுங்கள், மூடியை முறுக்கி இறுக்காமல் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்.